நாலு கட்டுரை, நாலு மாமா

கார்த்திகை பொறந்த வாரம். காலையில தோட்டத்துல பழம் பொறக்கிட்டு இருந்தேன். வாட்ஸ்அப்புல நாலு ஃபைல் வந்து விழுந்துச்சு. அனுப்புனது அக்கா மகன். கலிபோர்னியாவுல இருக்கான், வயசு 20. கீழ ஒரே ஒரு வரி: "மாமா, இதப் படிச்சுப் பாருங்க. எல்லாத்துலயும் நீங்க இருக்கீங்க."

எனக்கு ஒரே பெருமை. சாக்கக் கட்டி ஓரமா வச்சிட்டு, வேலியோர வேப்பமரத்து நெழல்ல உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன். இங்கிலீஷ் எனக்கு மெதுவாத்தான் ஓடும். வெளங்காத எடத்த சாயங்காலம் மகள்ட்ட கேட்டேன். அவ நாலையும் படிச்சு முடிச்சிட்டு விழுந்து விழுந்து சிரிச்சா. "எப்பா, நாலு கட்டுரையிலயும் நாலு மாமா இருக்காங்க. இதுல நீங்க எந்த மாமா?"

மொதல் கட்டுரையில என் கெணறு வத்திப்போயி, எலுமிச்சை பூராம் பட்டுப்போயி, நான் வானத்தப் பாத்து அழுதுக்கிட்டு இருக்கேன். ரெண்டாவதுல கடன்ல மூழ்கி விவசாயத்தையே விட்டுட்டேன். மூணாவதுல நான் இயற்கை விவசாய ஞானி, ஊருக்கே புத்தி சொல்லுதேன். நாலாவதுல கையில செல்போன வச்சுக்கிட்டு ஏதோ ஒரு செயலியப் பாத்து சொட்டுநீர் விடுதேன்.

நான் விவசாயத்த விடல. ஞானியும் இல்ல. செல்போன்ல பாக்குறது மழை எச்சரிக்கையும் பழ வெலையும்தான். அழுதது மட்டும் நெசம். ஆனா அவன் எழுதுன மாதிரி வானத்தப் பாத்து இல்ல.

இது என்ன கட்டுரை, எதுக்குன்னு கேப்பீங்க. எனக்கும் அவன் சொல்லித்தான் தெரியும்.

அங்க ப்ளஸ் டூ முடிச்ச பிள்ளைங்க நேரா பெரிய பல்கலைக்கழகத்துக்குத்தான் போகணும்னு இல்ல. கலிபோர்னியாவுல மட்டும் 116 கம்யூனிட்டி காலேஜ் இருக்கு. அந்த மாநிலத்துலயே குடியிருக்கிற பிள்ளைக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர்தான் ஃபீஸ். மொத ரெண்டு வருசத்த அங்க படிச்சிட்டு, மூணாம் வருசத்துக்குப் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கலாம். அதுக்குப் பேருதான் டிரான்ஸ்ஃபர். அக்கா குடும்பம் மாதிரி நடுத்தரக் குடும்பத்துக்கு அது பெரிய வாசல். அப்படி மாறும்போது மார்க்கோட கட்டுரையும் கேக்காங்க. நீ யாரு, ஏன் இந்தப் படிப்பு, ஏன் எங்க காலேஜு, இவ்வளவு நாள் என்ன பண்ணுன, இதான் கேள்வி.

நம்ம ஊருல இந்தக் கேள்விய யாரும் கேக்குறதில்ல. என் மக இன்ஜினியரிங் சேந்தது கவுன்சிலிங்ல. மார்க்கு, கட்-ஆஃப், ரேங்க், இனச்சுழற்சி, அவ்வளவுதான். 2007ல நுழைவுத்தேர்வையும் எடுத்தாச்சு. அது நல்லதுக்குத்தான். இங்கிலீஷ்ல அழகா எழுதத் தெரிஞ்ச டவுன் பிள்ளைக்குத்தான் சீட்டுன்னு இருந்தா, புளியங்குடியில இருந்து எத்தன பிள்ளைக போயிருக்கும்? அதனால மார்க்கு முறைய நான் கொறை சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு. "நான் ஏன் இதப் படிக்கணும்"னு ஒரு தாள்ல எழுதிப் பாக்குற வாய்ப்பு நம்ம பிள்ளைகளுக்கு ஒரு தடவகூடக் கெடைக்கிறதில்ல. நாமெல்லாம் பள்ளிக்கூடத்துல எழுதப் படிச்ச ஒரே விண்ணப்பம் லீவு லெட்டர். காய்ச்சலோ, அக்கா கல்யாணமோ, தாத்தா சாவோ, லெட்டர் ஒண்ணுதான். தேதிய மட்டும் மாத்துவோம்.

இப்ப நம்ம பிள்ளைகளும் மேல்படிப்புக்கு வெளிநாடு போகுதுக. அங்க எஸ்.ஓ.பி.ன்னு ஒண்ணு கேக்காங்க. நோக்கம் என்னன்னு எழுதித் தரணும். அங்கயும் நடக்குறது லீவு லெட்டர் கததான். காசு வாங்கிட்டு எழுதித் தர ஆளிருக்கு. இப்ப சாட்ஜிபிடியும் வந்தாச்சு. ஒரு கட்டுரைய எழுதி வச்சிக்கிட்டு, காலேஜ் பேர மட்டும் மாத்தி அஞ்சு எடத்துக்கு அனுப்புதாங்க. அதனாலதான் இத இங்க எழுதுதேன். இது அமெரிக்காவுல இருக்க ஒரு பையனோட பாடு மட்டும் இல்ல.

அன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்குப் போன் போட்டேன். அவனுக்கு அப்பத்தான் காலை ஆறரை.

"என்னலே மாப்ள, நான் எப்பம்லே விவசாயத்த விட்டேன்?"

தூக்கக் கலக்கத்துல இருந்தவன் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னான். "மாமா, ஒவ்வொரு காலேஜுக்கும் ஏத்த மாதிரி எழுதணும்னு எல்லாரும் சொல்றாங்க. ஒரே கட்டுரைய எல்லாத்துக்கும் அனுப்பக் கூடாதாம். அதான் மாத்தி மாத்தி எழுதினேன்."

"மாத்தி எழுதச் சொன்னாங்க சரி. மாமாவயே மாத்தச் சொன்னாங்களா?"

அவன் சிரிச்சிட்டான். எனக்குச் சிரிப்பு வரல. கோவத்துல போன வச்சிட்டேன். ஆனா படுத்த பெறகு யோசிச்சா, அவன் சொன்னதுலயும் பாதி ஞாயம் இருந்துச்சு. ஆளுக்குத் தக்கன பேசணும்ங்கிறது தப்பில்லையே. நானே அப்படித்தான் செய்தேன்.

தாலுகா ஆபீஸ் வாசல்ல மனு எழுதுற அண்ணாச்சி ஒருத்தர் உண்டு. ஒரு மேசை, ஒரு நாற்காலி, வெயிலுக்கு ஒரு குடை. எங்க குளத்து மடை ஷட்டர் துருப்பிடிச்சு, வாய்க்கால் மண் மூடி, கரையோரம் கொஞ்சம் ஆக்கிரமிப்பும் இருந்த சமயத்துல நாங்க ஏழெட்டுப் பேர் அவருகிட்டப் போனோம். நான் மொத்த வயித்தெரிச்சலையும் ஒரே மனுவுல கொட்டச் சொன்னேன். அவர் பேனாவ மூடி வச்சிட்டுக் கேட்டாரு.

"மொதல்ல குளம் யாரு குளம்னு சொல்லுங்க. ஆயக்கட்டு நூறு ஏக்கருக்கு மேலயா, கீழயா?"

மேல இருந்தா நீர்வளத்துறை. கீழ இருந்தா ஊராட்சி ஒன்றியம். அது தெரியாம எழுதுற மனு ஒவ்வொரு மேசையா சுத்திட்டுத் திரும்பி வரும்னாரு. அப்புறம் மூணு மனு எழுதுனாரு. நீர்வளத்துறைக்குப் போனதுல ஷட்டரப் பத்தி மட்டும்: எந்த மடை, என்ன பழுது, எத்தன ஏக்கருக்குத் தண்ணி ஏறல. தாசில்தாருக்குப் போனதுல ஷட்டரே இல்ல. சர்வே எண், புறம்போக்கு, அளந்து கல் நடணும், அவ்வளவுதான். ஒன்றியத்துக்குப் போனதுல நூறு நாள் வேலையில வாய்க்காலத் தூர்வாரித் தரணும்னு.

மூணும் ஒரே குளம். மூணுலயும் பொய் ஒரு வரி கெடையாது. "அவனவன் கையில எது இருக்கோ அதக் கேளு. மிச்சத்த அங்க சொல்லி என்ன பண்ண?" இது அண்ணாச்சி சொன்னது. ஆளுக்குத் தக்கன எழுதுறதுன்னா என்னன்னு நான் கத்துக்கிட்டது அங்கதான்.

மறுநாள் அவனே கூப்பிட்டான். அண்ணாச்சி கதையச் சொன்னேன். "சரி மாப்ள, நீ எழுதப்போற ஆபீசு ஒவ்வொண்ணும் எப்படி? அதச் சொல்லு மொதல்ல"ன்னேன். அவன் சொல்லச் சொல்லத்தான் தெரிஞ்சுது, அவனுக்கே அது முழுசா வெளங்கல.

மொதல்ல கலிபோர்னியா பல்கலைக்கழகம். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், டேவிஸ், ரிவர்சைடுன்னு இளங்கலை படிக்க ஒம்போது வளாகம். ஆனா விண்ணப்பம் ஒண்ணுதான். டிரான்ஸ்ஃபர் பிள்ளைங்க நாலு கேள்விக்குப் பதில் எழுதணும். எடுத்த பாடத்துக்கு எப்படித் தயாரானேங்கிறது ஒண்ணு கட்டாயம். மிச்சம் ஏழுல மூண நாமளே எடுத்துக்கலாம். ஒவ்வொண்ணும் 350 வார்த்தைக்குள்ள. அதே பதில்தான் நாம டிக் அடிச்ச எல்லா வளாகத்துக்கும் போகும். நம்மாளு அதுல என்ன எழுதியிருந்தான் தெரியுமா? "ரிவர்சைடுல படிக்கணும்ங்கிறது என் வாழ்நாள் கனவு"ன்னு. டிக் அடிச்சது நாலு வளாகம். டேவிஸ்ல இருக்கவர் அதப் படிச்சா என்ன நெனைப்பாரு? பொண்ணு பாக்கப் போன வீட்டுல பக்கத்து வீட்டுப் பொண்ணப் புகழ்ந்த கததான்.

அங்க வளாகத்துக்கு ஏத்த மாதிரி எழுதவே முடியாது. எழுதவும் கூடாது. அவங்க கேக்குறது உன்னப் பத்தி. உன்னப் பத்தி மட்டும் சொல்லிட்டு வந்துரணும்.

ரெண்டாவது கால் ஸ்டேட். அதே மாநிலத்தோட இன்னொரு பல்கலைக்கழகக் கூட்டம். அங்க பொதுவா கட்டுரையே கேக்குறதில்ல. மார்க்கும் படிச்ச பாடமும்தான். நம்ம கவுன்சிலிங் மாதிரி.

மூணாவது, நியூயார்க் மாநிலத்துல இருக்க கார்னெல். 1865ல தொடங்குனது. தனியார் பல்கலைக்கழகம்தான், ஆனா அதோட வேளாண்மைக் கல்லூரிக்கு மாநில அரசோட ஒத்தாசை உண்டு. 1862ல அமெரிக்காவுல ஒரு சட்டம் போட்டு, விவசாயமும் தொழில்நுட்பமும் சொல்லித்தர்ற கல்லூரிகளுக்காக அரசாங்க நெலத்த ஒதுக்குனாங்க. அதுல வந்ததுதான் கார்னெலும், கலிபோர்னியாவும். அதே மாதிரியப் பாத்துத்தான் 1960ல பந்த்நகர்ல நம்ம நாட்டோட மொத வேளாண்மைப் பல்கலைக்கழகம் வந்துச்சு. கோயம்புத்தூர்ல 1971ல. கார்னெல் ஆளுக நியூயார்க் மாநிலத்துல மாவட்டம் மாவட்டமா விவசாயிகளத் தேடிப் போயிச் சொல்லித் தர்ற வேலையும் பாக்காங்க. அந்த மாதிரி எடங்கள்ல "ஏன் எங்க காலேஜு"ன்னு நேராவே கேப்பாங்க. அங்க காலேஜ் பேரச் சொல்லாம எழுதுனா ஆகாது. பேர மட்டும் சொன்னாலும் ஆகாது.

இப்படி ஒவ்வொரு வாசலும் ஒவ்வொரு ஒயரம். ஒண்ணுல குனியணும், ஒண்ணுல நிமிந்து போகலாம், ஒண்ணுல கதவே இல்ல. அதத் தெரிஞ்சுக்கிறதுதான் பாதி வேலை. அந்தப் பாதியப் பாக்காம மாமாவ மாத்திக்கிட்டு இருந்திருக்கான்.

இன்னொரு வெளாட்டும் நடந்துச்சு. நாலு கட்டுரையிலயும் நம்ம எலுமிச்சைய 'லெமன்'னு எழுதியிருந்தான். நம்ம புளியங்குடி எலுமிச்சை லெமன் கெடையாது, லைம். தோலு மெல்லிசு, பழம் சின்னது, உருண்டை. மெக்சிகன் லைம், கீ லைம்னு அங்க விக்கிறதும் நம்ம பழமும் ஒரே சாதி. லெமன்கிறது தடிச்ச தோலோட, ரெண்டு பக்கமும் மூக்கு நீண்ட பெரிய பழம். ரிவர்சைடு வளாகத்துல ஆயிரத்துக்கும் மேல எலுமிச்சை, ஆரஞ்சு, நாரத்தை வகைகள மரமா வளத்து வச்சிருக்காங்க. 1907ல இருந்து அங்க இதுக்குன்னே ஆராய்ச்சி நிலையம் இருக்கு. அப்பேர்ப்பட்ட ஊருக்குப் போயி "என் மாமா லெமன் தோட்டம்"னா, வாழ்நாள் கனவுன்னு எழுதுனவன் ஒரு நாள்கூட அந்த எடத்தப் பத்திப் படிச்சதில்லன்னு தெரிஞ்சிராதா?

இப்ப கண்ணீருக்கு வாரேன்.

"ஏம்லே எல்லாத்துலயும் என்ன அழ வச்சிருக்க?"ன்னு கேட்டேன். "மாமா, கஷ்டத்தச் சொன்னாத்தான் மனசுல நிக்கும்னு சொல்றாங்க"ன்னான். யாரு சொன்னா? கூடப் படிக்கிறவன், யூடியூப், எல்லாரும்.

அவன மட்டும் சொல்லிக் குத்தமில்ல. இதப் படிக்கிற உங்களையும் ஒரு வார்த்தை கேக்குதேன், கோவிக்காதீங்க. டவுன்ல இருக்கவங்களுக்கு விவசாயின்னா ரெண்டே வேஷம்தான். ஒண்ணு, தூக்குக் கயிறு. இல்லன்னா, ஐ.டி. வேலைய விட்டுட்டு வந்து கோடி சம்பாதிச்ச இயற்கை விவசாயி. நடுவுல, இந்த வருசம் வெலை இல்ல, அடுத்த வருசம் பாப்போம்னு மம்பட்டியத் தூக்கிட்டுப் போற எங்கள மாதிரி ஆளுக சினிமாவுலயும் இல்ல, செய்தியிலயும் இல்ல. என் மருமகன் எழுதுன நாலு மாமாவும் அங்க இருந்து எடுத்ததுதான். அவனே பாத்த மாமா ஒருத்தன் இருக்கேன். அவன விட்டுட்டு, படத்துல வர்ற மாமாவ எழுதியிருக்கான்.

இப்படி எல்லாரும் ஒரே எடத்துல இருந்து எடுத்தா என்ன ஆகும்? 2007ல இங்கிலாந்துல ஒரு கூத்து நடந்துச்சு. அங்க காலேஜுக்கெல்லாம் யூகாஸ்ங்கிற ஒரே அமைப்பு வழியாத்தான் விண்ணப்பம். ஒரே கட்டுரை அஞ்சு எடம் வரைக்கும் போகும். அம்பதாயிரம் விண்ணப்பத்த எடுத்துக் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தா, 234 பேரு, எட்டு வயசுல தன்னோட பைஜாமாவுல நெருப்புப் பட்டு ஓட்டை விழுந்த ஒரே கதைய எழுதியிருக்காங்க! எல்லாம் இன்டர்நெட்டுல கெடந்த ஒரு மாதிரிக் கட்டுரையில இருந்து சுட்டது. மொதல்ல எழுதுன பையனுக்கு நெசமாவே பைஜாமா கருகியிருக்கலாம். பாவம், அவன் கதையையும் யாரும் நம்பியிருக்க மாட்டாங்க. அதே மாதிரிதான் இதுவும். கெணறு வத்துன கதைய எல்லாப் பிள்ளையும் எழுதுனா, நெசமா கெணறு வத்துன வீட்டுப் பிள்ளை எழுதுறதும் எடுபடாமப் போகும்.

கலிபோர்னியாவுல, விண்ணப்பம் போட்டவங்கள்ல கொஞ்சப் பேரக் குலுக்கல் மாதிரி எடுத்து, எழுதுனதுக்கு ஆதாரம் கேக்குற வழக்கமும் இருக்காம். ஆனா மாட்டிக்குவேன்னு பயந்து உண்மை எழுதச் சொல்லல நான். பொய் மாமாவக் காட்டி உள்ள போனா, அந்த மாமாவ ரெண்டு வருசம் அவன்தான் சொமக்கணும்.

"சரி மாமா, அப்ப நான் எத எழுத?"ன்னு கேட்டான். குரல் கம்மிப் போயிருந்துச்சு. நவம்பர் கடைசியோட கலிபோர்னியாவுக்கு நாள் முடியுது, பயம் இருக்கத்தானே செய்யும்.

"2017ல நீ வந்தது ஞாபகம் இருக்கா?"

அந்த வருசம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். 2016 வடகிழக்குப் பருவமழை அறுபது சதவீதத்துக்கும் மேல கொறஞ்சு போச்சு. 2017 ஜனவரியில தமிழ்நாட்டோட 32 மாவட்டத்தையும் வறட்சி மாவட்டமா அறிவிச்சாங்க. எங்க கெணறு மாசியிலயே தரை தட்டிருச்சு. குற்றாலத்துல சாரல் அடிக்கும், பாக்கப் போறவங்க எங்க ஊர் வழியாத்தான் போவாங்க. ஆனா அந்தச் சாரல் எங்க கெணத்த நெறைக்காது. எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகைதான்.

அந்த ஜூன் மாசம் அவன் லீவுக்கு வந்தான். 12 வயசு. ஒண்ணரை ஏக்கர்ல 160 மரம். வாரத்துக்கு ரெண்டு லோடு டேங்கர் தண்ணி வாங்கி ஊத்திக்கிட்டு இருந்தேன். ஒரு லோடு நூறு மரத்துக்குத்தான் காணும். யாருக்கு ஊத்த, யார விடன்னு தெரியாம நான் தெகச்சுப் போயிக் கெடந்தேன். இந்தப் பய ஒரு பழைய நோட்ட எடுத்தான். சுண்ணாம்பக் கரைச்சு ஒவ்வொரு மரத்துலயும் நம்பர் போட்டான். காலையில இலை எப்படி இருக்கு, சாயங்காலம் எப்படி இருக்கு, எந்தெந்த மரத்துக்கு எத்தன குடம், எல்லாத்தையும் எழுதுனான். மூணு வாரம். கடைசியில அவனே வந்து சொன்னான், "மாமா, இந்த 38 மரத்துக்கு இனி ஊத்த வேண்டாம்"னு. சொல்லிட்டு அழுதான். நானும் அழுதேன். அந்த 38ஐயும் விட்டோம். மிச்சம் 122 மரம் பொழைச்சுது. நான் இன்னைக்குப் பறிக்கிற பழம் அதுல உள்ளதுதான்.

இதுல ஒரு மரத்துல மட்டும் சண்டை வந்துச்சு. எங்க அம்மா நட்ட மரம், கெணத்து மேட்டுல இருக்கு. காய்ப்பு கம்மி. நோட்டுக் கணக்குப்படி அதையும் விடணும். எங்க அம்மா விடல. பேரனுக்கும் ஆச்சிக்கும் ஒரு நாள் பூராம் வாக்குவாதம். கடைசியில ஆச்சிதான் ஜெயிச்சா. பாத்திரம் கழுவுன தண்ணிய ஊத்தி ஊத்தியே காப்பாத்திட்டா.

அப்ப மூடாக்கு போட எனக்குச் சொல்லித் தந்தது பக்கத்துத் தோட்டத்துக்காரரு. காஞ்ச எலை, தென்னம்மட்டை எல்லாத்தையும் மரத்தச் சுத்திப் பரப்புனா குடத்துக்கு ரெண்டு நாள் ஈரம் கூட நிக்கும். அவருக்கு யாரு சொன்னா? இன்னொரு விவசாயி. எங்க ஊருல அறிவு இப்படித்தான் வேலி தாண்டி வேலி போவும்.

இத்தனையும் அவன் கண்ணால பாத்தது, கையால செஞ்சது. நாலு கட்டுரையில ஒண்ணுலகூட இது இல்ல. ஏம்லேன்னு கேட்டா, "அது சின்ன விஷயம்னு நெனச்சேன் மாமா"ங்கான்.

நாங்க பழம் பிரிக்கிறத நீங்க பாத்திருக்க மாட்டீங்க. பறிச்சதக் கொட்டி, பெருசு, நடுத்தரம், பொடின்னு பிரிப்போம். பச்சை நெறமா இருக்கது தூரத்துக்குத் தாங்கும், கேரளாவுக்கு ஏத்தலாம். நல்லாப் பழுத்தது பக்கத்து மார்க்கெட்டுக்கு. எல்லாம் ஒரே மரத்துப் பழம்தான். எந்தச் சாக்குல எதப் போடணும்ங்கிறதுதான் நம்ம கையில இருக்கு. பொடிப் பழத்த ஊதிப் பெருசாக்க முடியாது. மேல நாலு பெரும்பழத்த வச்சு அடியில பொடியப் போட்டு அனுப்புனா, ஒரு தடவ போகும். அடுத்த தடவ நம்ம சாக்கப் பாத்தாலே யாவாரி நகந்துருவாரு.

அப்படித்தான் ரெண்டு பேரும் போன்ல உக்காந்து பிரிச்சோம். ஒரே கோடை, ஒரே தோட்டம்.

கலிபோர்னியாவுக்கு நோட்டுக் கத. வளாகம் பேரே கெடையாது. 12 வயசுல ஒரு முடிவ எடுத்தேன், எப்படி எடுத்தேன், அதுல எது தப்பு, இப்ப படிக்கிற புள்ளியியலும் தாவரவியலும் அத எப்படிப் பாக்கச் சொல்லித் தருது. மாமா அதுல ஒரு ஓரமா நிக்கேன். அதான் சரி. சீட்டு எனக்கா கேக்கான்?

கார்னெலுக்கு மூடாக்குக் கத. ஒரு விவசாயிக்கு ஒரு சேதி யாரு மூலமாப் போகுது, எப்ப நம்புதான், எப்ப நம்ப மாட்டேங்கான். விவசாயியத் தேடிப்போற வேலை பாக்குற எடத்துல கேக்க வேண்டிய கேள்வி அது.

மூணாவது ஒரு சின்ன தனியார் கல்லூரி. வகுப்புக்கு இருவது பேருதான், உக்காந்து வாதாடித்தான் பாடமே நடக்குமாம். அதுக்கு ஆச்சிகூடப் போட்ட சண்டை. கணக்கு சொல்றதும் மனசு சொல்றதும் முட்டிக்கிட்டா என்ன செய்யன்னு.

நாலாவது, அந்தச் செயலி மாமா போன கம்ப்யூட்டர் காலேஜ். அதுக்கு என்ன எழுதன்னு ரெண்டு பேரும் ரொம்ப நேரம் யோசிச்சோம். அவன்கிட்ட உண்மையாச் சொல்ல ஒண்ணுமே இல்ல. "அப்ப எதுக்குலே அங்க போற?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "கூடப் படிக்கிறவன் போடுறான், அதான் மாமா"ன்னான். அத விட்டுட்டான். விண்ணப்பக் காசும் மிச்சம்.

அந்த நாலாவத நெனச்சாத்தான் எனக்கு இந்த முறையில ஒரு நல்லது இருக்கதாத் தோணுது. ஒரு எடத்துக்கு ஏத்த மாதிரி உண்மையா எழுத உக்காந்தா, அந்த எடம் நமக்கு வேணுமா வேண்டாமான்னு நமக்கே தெரிஞ்சிருது. நம்ம பிள்ளைக கவுன்சிலிங்ல எடம் எடுக்கிறதுக்கு முந்தின நாள் ராத்திரி, யாருக்கும் அனுப்ப வேண்டாம், ஒரு பக்கம் இப்படி எழுதிப் பாத்தா என்ன? "நான் ஏன் இந்தக் காலேஜு, ஏன் இந்தப் படிப்பு?" எழுத ஒண்ணும் வரலன்னா, அப்பா அம்மாவும் பக்கத்துல உக்காந்து யோசிக்கலாம்.

ஒரு ஞாயமும் சொல்லணும். இந்தக் கட்டுரையெல்லாம் சொல்லித்தர ஆளிருக்க வீட்டுப் பிள்ளைக்குத்தான் லேசு. என் மருமகனுக்கு மாமன் ஒருத்தன் ராத்திரி ராத்திரி போன்ல உக்காந்தான். யாரும் இல்லாத பிள்ளை என்ன செய்யும்? அதனால நம்ம ஊருக்கும் மார்க்க விட்டுட்டுக் கட்டுரை வேணும்னு நான் சொல்லல. எழுத வேண்டி வந்தவன், எழுதுறத ஒழுங்கா எழுதட்டும்னுதான் சொல்லுதேன்.

கலிபோர்னியா விண்ணப்பம் போயாச்சு. மத்ததுக்கு மாசிப் பங்குனி வரைக்கும் நேரம் இருக்கு. முடிவு சித்திரையிலதான் தெரிய ஆரம்பிக்குமாம். கெடைக்குமா கெடைக்காதான்னு எனக்குத் தெரியாது. அங்க மார்க்கும் படிச்ச பாடமும்தான் பெருசு, கட்டுரை அதுக்கு அப்புறம்தான்னு அவனே சொல்லுதான்.

போன வாரம் அந்த நோட்டு இருக்கான்னு கேட்டான். பரண்ல தேடுனேன். பழைய உர பில்லுகளுக்கு அடியில கெடந்துச்சு. ஒரு ஓரம் கரையான் தின்னுருக்கு. நடுப்பக்கத்துல 47ஆம் நம்பருக்கு நேரா பென்சில்ல ஒரு கோடு போட்டு அடிச்சு, பெறகு அடிச்சத அழிச்சு, "ஆச்சி சொல்லிட்டாங்க"ன்னு கோணல் மாணலா தமிழ்ல எழுதியிருக்கான். போட்டோ எடுத்து அனுப்பி வச்சேன். நாளைக்குப் பறிப்பு இருக்கு, அந்த மரத்துலயும் நாலஞ்சு கிலோ வரும்.